முப்பத்தொன்றின் சாவியில் கட்டிய நூல்

மார்ச் 4

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. நான் நலம், வலது முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. கண் அறுவைக்குப் பிறகு உனக்கு எப்படி இருக்கிறது? ஊசியில் நூல் கோர்க்க முடிகிறதா? டாக்டர் தூக்காதே என்று சொன்ன வாளியை நீ தூக்கிக்கொண்டுதான் இருப்பாய். சொன்னால் கேட்கிற பழக்கம் நம் குடும்பத்தில் யாருக்கும் இல்லை.

ஒரு செய்தி. நம் ஓட்டலை மறுபடியும் திறக்கிறார்கள். இருபது வருடம் பூட்டிக் கிடந்ததை ஒரு வெளியூர்க் கம்பெனி வாங்கி, பழைய சுண்ணாம்பைச் சுரண்டி வேறு நிறம் அடித்திருக்கிறது. போன வாரம் அங்கிருந்து ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். ஓட்டலின் வரலாற்றைப் புத்தகமாகப் போடுகிறார்களாம், எழுதுகிறவள் அவள்தான். பழைய ஆட்களில் உயிரோடு இருப்பது நான் ஒருவன்தானாம். வார்த்தைக்கு வார்த்தை 'அங்கிள்' என்கிறாள். நான் எந்த வழியில் அவளுக்கு அங்கிள் என்று எனக்குத் தெரியவில்லை. எழுதிய தாள்களைக் கொடுத்து, தப்பிருந்தால் திருத்துங்கள் என்றாள்.

முதல் பக்கத்திலேயே மூன்று தப்பு. கட்டடத்தைக் கட்டியவன் கப்பல் தலைவனாம். அவன் மரவியாபாரி, கப்பலைக் கரையில் நின்று பார்த்ததோடு சரி. பெரிய படிக்கட்டுக்கு அறுபது படியாம். அறுபத்திரண்டு. முப்பது வருடம் கருவிப்பெட்டியோடு ஏறி இறங்கியவனுக்குத் தெரியாதா? போர்க்காலத்தில் அது ஆஸ்பத்திரியாக இருந்தது இரண்டு வருடம் என்கிறாள். நாலு.

நான் பள்ளிக்கூடத்தை வெளியிலிருந்து பார்த்தவன். விருந்தினர்கள் விட்டுப்போன செய்தித்தாள்களை எழுத்துக்கூட்டிப் படித்துக் கற்றவன். படித்தவள் எழுதியதை நான் திருத்துகிறேன். இதற்கென்றே ஒரு சிவப்புப் பேனா வாங்கியிருக்கிறேன்.

முப்பத்தொன்றாம் அறையைப் பற்றியும் ஏதோ இருக்கிறது. வழக்கமான பிதற்றல்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அண்ணன்


மார்ச் 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். இடது கண் தெளிந்துவிட்டது, வலது கண்ணுக்கு இன்னும் எல்லாம் ஆவி படிந்த கண்ணாடி வழியாகத்தான். வாளியைத் தூக்குவதில்லை, இழுக்கிறேன். உங்கள் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

'நம் ஓட்டல்' என்று எனக்கு எழுதாதீர்கள். நான் அந்தத் தெருப் பக்கம் திரும்பி நாற்பத்திநாலு வருடம் ஆகிறது.

படி எத்தனை என்று எழுதினீர்கள். முப்பத்தொன்றைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று எழுதவில்லை. முப்பத்தொன்று என்றால் என் அக்கா. அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்து அனுப்புங்கள்.

தங்கை


ஏப்ரல் 2

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இடது கண் தெளிந்ததில் சந்தோஷம். ஒத்தடம் கொடுத்தேன், முழங்கால் கண்டுகொள்ளவில்லை.

திருத்த வேலை மும்முரமாக நடக்கிறது. சாவிப்பலகையைப் பற்றி அந்தப் பெண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லை. நான்கு மாடிக்கும் சாவிகள் கீழே ஒரே பலகையில் தொங்கும். அறையில் ஏதாவது பழுது என்றால் பணிப்பெண்கள் அந்தச் சாவியில் சிவப்பு நூல் கட்டுவார்கள். பழுது பார்க்கிறவன் வேலையை முடித்தபின் நூலைக் கழற்றுவான். நூல் இருந்தால் பழுது, இல்லாவிட்டால் சரி. எழுதத் தெரியாதவர்களுக்கென்று எப்போதோ யாரோ செய்த ஏற்பாடு. இதை நான் சொல்லச் சொல்ல அவள் கைபேசியில் பதிவு செய்துகொண்டாள். கொதிகலன் வெடித்த கதையையும் சொன்னேன்.

பிரதி எடுக்கிற கடைக்கு நடக்க முழங்கால் விடவில்லை. அந்தப் பக்கத்தில் ஒன்றுமில்லை, விடு.

அண்ணன்


ஏப்ரல் 21

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருக்கவேண்டும்.

உங்களுக்கு நடக்க முடியவில்லை என்பதால் நானே கம்பெனிக்கு எழுதினேன். பத்தே நாளில் அந்த அத்தியாயத்தை அனுப்பிவிட்டார்கள். நீங்கள் படித்ததுதான், இருந்தாலும் ஒரு வரியை எழுதுகிறேன்: "வந்து தங்கிய பியானோக்காரன் மேல் கொண்ட காதல் நிறைவேறாமல் மூன்றாம் மாடியிலிருந்து குதித்த பணிப்பெண், இன்றும் முப்பத்தொன்றாம் அறையின் ஜன்னலை அறைந்து சாத்துகிறாள்." கூடவே ஒரு படம். அக்கா நாலரை அடி. ஓட்டல் முழுக்க அவளை 'அரைப்படி' என்றுதான் கூப்பிட்டார்கள். படத்தில் ஒட்டடைக்குச்சி உயரத்துக்கு வரைந்து, கூந்தலை அவிழ்த்து விட்டிருக்கிறார்கள். அந்த அறைக்கு இப்போதே ஆட்கள் பெயர் கொடுத்து வைக்கிறார்களாம்.

அந்தப் பியானோக்காரர் பத்து நாள் தங்கி, சாப்பாட்டுக் கூடத்துப் பியானோவுக்குச் சுருதி சேர்த்துவிட்டுப் போனவர். அக்கா அவருடைய அறையைப் பெருக்கினாள். அவ்வளவுதான் யாரும் பார்த்தது.

உங்களுக்கு நினைவிருக்கும், நான் மறக்கவில்லை. அக்கா போய் இருபதாம் நாள், எனக்குப் பேசி முடித்திருந்த தபால் அலுவலக மாப்பிள்ளை வீட்டிலிருந்து அவருடைய மாமா வந்தார். உட்காரக்கூட இல்லை. "எங்களுக்கு உங்க மேல ஒண்ணும் கோபம் இல்லம்மா. ஆனா அக்கா அப்படிப் போன வீடு, நாலு பேர் கேப்பாங்க" என்றார். நான் உள்ளே மேசைவிரிப்பில் பூ தைத்துக்கொண்டிருந்தேன். ஊசியை அப்படியே குத்தி வைத்தேன். அது இன்னும் பெட்டியில் அப்படியே இருக்கிறது.

நான் திருமணத்தைக் கேட்கவில்லை, அண்ணா. எனக்கு அறுபத்துமூன்று. ஒரே ஒரு வரி கேட்கிறேன். அன்று அந்த ஓட்டலில் பழுது பார்த்தவர் நீங்கள். அவள் காதலுக்காகச் சாகவில்லை என்று உங்கள் சிவப்புப் பேனாவால் ஒரு வரி எழுதுங்கள். ஜூன் கடைசியில் புத்தகம் அச்சுக்குப் போகிறது. அப்புறம் அதுதான் வரலாறு.

தங்கை


மே 6

தங்கைக்கு,

நான் சுகம். நீயும் சுகமாக இருக்கவேண்டும் என்றால் பழையதைக் கிளறாதே.

கம்பெனிக்கு என்னைக் கேட்காமல் எழுதியது எனக்குப் பிடிக்கவில்லை. நான் ஒருவன் இங்கே இல்லையா?

என்ன எழுதச் சொல்கிறாய்? ஜன்னலில் பழுது இல்லை. போலீஸ் அதிகாரி வந்து கண்ணாடியை மூன்று தடவை மேலே ஏற்றி இறக்கிப் பார்த்தார். நான் பக்கத்தில் நின்றேன். வழுக்கிக்கொண்டு ஏறியது, வைத்த இடத்தில் நின்றது. ஜன்னல் சரியாக இருந்தால் அவர்கள் என்ன எழுதுவார்கள், நான் என்ன எழுத முடியும்? பேய் என்று நான் எந்தக் காலத்திலும் சொன்னதில்லை. ஊர் சொன்னது.

இதற்கு மேல் இதைப் பற்றி எழுதாதே. கண்ணுக்குச் சொட்டு மருந்து ஒழுங்காகப் போடு.

அண்ணன்


மே 15

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். சொட்டு மருந்து போடுகிறேன்.

எழுதாதே என்றீர்கள். இந்த ஒரு தடவை எழுதிவிடுகிறேன். இதை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

அவள் போவதற்கு முதல் நாள், திங்கட்கிழமை காலை, வேலைக்குக் கிளம்பும்போது என் தையல் பெட்டியைத் திறந்தாள். "முப்பத்தொண்ணு ஜன்னல் மேலே நிக்க மாட்டேங்குது, கையை வெட்டிடும் போல இருக்கு. ஓட்டல்ல சிவப்பு நூல் தீந்துபோச்சு. ஒரு முழம் குடுடி" என்றாள். என்னிடம் சிவப்பு இல்லை, மேசைவிரிப்புக்கு வாங்கிய அரக்கு நிறம்தான் இருந்தது. கொடுத்தேன். சும்மா கொடுக்கவில்லை. "என் கல்யாணத்துக்கு வாங்கின நூலை ஓட்டல் சாவிக்குக் கட்டி வீணாக்கு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் சிரித்தாள். "அண்ணன் கழட்டினதும் திருப்பிக் கொண்டாந்து தரேன்" என்றாள். செவ்வாய்க்கிழமை அவள் எழுந்து போகும்போது நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

எல்லாம் முடிந்தபின் உங்களிடம் கேட்டேன்: சாவியில் நூல் இருந்ததா? "இல்லை. அவ கட்டவே இல்லை" என்றீர்கள். அதனால் ஜன்னல் பழுது என்று அவள் என்னிடம் சொன்னது பொய் என்று நினைத்தேன். பொய் சொல்லி நூல் வாங்கிக்கொண்டு போனவள் சாகத்தான் போயிருக்கிறாள் என்று நினைத்தேன். ஊர் சொன்னதை நான் நம்பவில்லை, அண்ணா. நீங்கள் சொன்னதை நம்பினேன். நாற்பத்திநாலு வருடம் அவள்மேல் கோபமாக இருந்தேன்.

இப்போது ஏப்ரலில் நீங்கள் எழுதிய கடிதத்தை மறுபடியும் எடுத்துப் படித்தேன். பழுது பார்க்கிறவன் நூலைக் கழற்றுவான் என்று எழுதியிருக்கிறீர்கள்.

மறுபடியும் கேட்கிறேன். சாவியில் நூல் இருந்ததா?

தங்கை


ஜூன் 18

அண்ணாவுக்கு,

ஒரு மாதம் ஆயிற்று. உடம்புக்கு ஒன்றுமில்லையே? உங்கள் பக்கத்து வீட்டு மருந்துக்கடைக்காரரிடம் தொலைபேசியில் கேட்டேன். தினமும் காலையில் நடக்கிறீர்கள், செய்தித்தாள் வாங்குகிறீர்கள் என்றார். ஆக, நலம்தான்.

அச்சுக்குப் போக இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது.

தங்கை


ஜூலை 9

தங்கைக்கு,

இந்தக் கடிதத்தைப் படிக்குமுன் உட்கார்ந்துகொள். உறைக்குள் ஒரு காகிதப் பொட்டலம் இருக்கிறது. கடிதத்தைப் படித்தபின் அதைப் பிரி.

ஜூன் கடைசி தாண்டட்டும் என்றுதான் காத்திருந்தேன். அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

நூல் இருந்தது.

அன்று செவ்வாய்க்கிழமை, முதலாளி பார்வையிட வருகிற நாள். காலை எட்டு மணிக்கு மேலாளர் என்னைச் சாவிப்பலகை முன்னால் நிறுத்தி, "இதென்ன, பொரிகடலைக் கடை மாதிரி நூல் தொங்குது? முதலாளி கண்ணுல ஒரு நூல் படக் கூடாது" என்றார். பதினொரு நூல் இருந்தது. பதினொன்றையும் கழற்றி ஜேபியில் போட்டுக்கொண்டேன். மத்தியானத்துக்குள் பதினொன்றையும் முடித்துவிடலாம் என்று கணக்கு. வேலைக்கு முன்னால் நூலைக் கழற்றக் கூடாது என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்த விஷயம். புதிதாக வந்தவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான்.

பதினொரு மணிக்குள் பத்து அறையை முடித்தேன். முப்பத்தொன்றில் அன்று யாரும் இல்லை. அதனால் கடைசியில் வைத்தேன். முதலாளி முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்ப்பார், வெளிக்கண்ணாடி பளிச்சென்று இருக்கவேண்டும் என்று மேலாளர் அவளை அனுப்பியது எனக்குத் தெரியாது. அவள் பலகையிலிருந்து சாவியை எடுத்திருக்கிறாள். நேற்று தன் கையால் கட்டிய நூல் இல்லை. அண்ணன் கழற்றிவிட்டான், ஆகவே சரியாகிவிட்டது. வேறு எப்படி நினைப்பாள்?

அந்த ஜன்னல்களில் வெளிக்கண்ணாடி துடைக்க, கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டு, கீழ்க்கட்டையில் உட்கார்ந்து, உடம்பை வெளியே விட்டு, ஒரு கையால் சட்டத்தைப் பிடித்துக்கொள்ளவேண்டும். அரைப்படிக்கு எட்டாது, அவள் எழும்பி எழும்பித் துடைப்பாள். சட்டத்துக்குள் கண்ணாடியைத் தாங்குகிற கயிறு அறுந்தது. கண்ணாடி அவள் கையின்மேல் விழுந்தது. கை விட்டுப்போயிற்று. அவளுடைய வலது கை விரல்கள் நசுங்கியிருந்ததை நீயும் பார்த்தாய். விழுந்ததில் பட்டது என்று உன்னிடம் சொன்னவன் நான்.

நான் இரண்டாம் மாடியில் இருந்தேன். சத்தம் கேட்டது. எல்லாரும் கீழே ஓடினார்கள். நான் மேலே ஓடினேன்.

கதவைத் தாழிட்டுக்கொண்டு சட்டத்தைப் பிரித்தேன். புதுக் கயிறு போட்டேன். கால் மணி நேரம் ஆகியிருக்கும். அவசரத்தில் முடிச்சு சரியாக விழவில்லை. மூடிவிட்டேன். போலீஸ் அதிகாரி ஏற்றி இறக்கிப் பார்த்தது அந்த ஜன்னலைத்தான். ஜன்னல் சரியாக இருந்ததால், அவள் குதித்தாள் என்று ஆயிற்று. குதித்தாள் என்றால் காரணம் வேண்டும். பியானோக்காரர் அகப்பட்டார். நான் யாரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாயைத் திறக்காமல் இருந்ததே போதுமாக இருந்தது.

அந்த மாமா நம் வீட்டுக்கு வந்த அன்று நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். வெளியே வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உன் கல்யாணம் நடந்திருக்கும். வேலை போகும், ஜெயிலுக்குப் போவேன் என்று நின்றேன்.

பேயும் நான் செய்ததுதான். நான் போட்ட முடிச்சு இளகி, இரண்டு வருடம் கழித்து அந்த ஜன்னல் தானாக விழுந்தது. விருந்தினர் ஒருவர் அலறிக்கொண்டு வெளியே ஓடினார். அன்றிலிருந்துதான் அந்த ஓட்டலுக்குப் பேய் ஓட்டல் என்று பெயர். அதற்கப்புறம் எத்தனையோ தடவை விழுந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் மேலாளர் என்னை அனுப்புவார். நான் அறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்து, ஜன்னலில் பழுதில்லை என்று சொல்வேன். அந்தச் சட்டத்தை இன்னொரு தடவை பிரிக்க என்னால் முடியவில்லை.

இன்னும் ஒன்று. அவள் உடனே போய்விடவில்லை. நான் மேலே கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது கீழே முற்றத்தில் உயிர் இருந்தது. சமையற்காரர் தன் மடியில் அவள் தலையை வைத்திருந்தார். "அண்ணன் எங்கே" என்று கேட்டாளாம். இரண்டு தடவை கேட்டாளாம். அவர் சாகும் வரை, நான் அப்போது எங்கே இருந்தேன் என்று என்னிடம் கேட்கவே இல்லை. 

நூலைத் தூக்கிப் போட முடியவில்லை. பொட்டலத்தில் இருக்கிறது. உன்னுடையதுதான்.

அண்ணன்


ஆகஸ்ட் 25

அன்புள்ள தங்கைக்கு,

நான் இருக்கிறேன். உன்னிடமிருந்து கடிதம் இல்லை. எதிர்பார்க்கவும் எனக்கு அருகதை இல்லை. கண் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

உனக்கு எழுதியதை அப்படியே இன்னொரு பிரதி எழுதி, கையெழுத்துப் போட்டு, ஓட்டலுக்குக் கொண்டுபோனேன். புத்தகக்காரப் பெண் நின்றபடியே படித்தாள். பாதியில் உட்கார்ந்துவிட்டாள். கண் கலங்கியதையும் பார்த்தேன், பொய் சொல்லக் கூடாது. படித்து முடித்து, "அங்கிள், நான் நம்பறேன். ஆனா புத்தகம் அச்சாகி வந்தாச்சு" என்றாள். அடுத்த பதிப்பில் திருத்தம்மா என்றேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "கம்பெனியில ஒத்துக்க மாட்டாங்க அங்கிள். பேய்னா ஜனங்க வந்து தங்குவாங்க. கயிறு அறுந்து ஒரு பொண்ணு விழுந்துதுன்னா யாரு வருவா?"

புத்தகம் ஒன்று இலவசமாகக் கொடுத்தாள். மரவியாபாரி என்று போட்டிருக்கிறார்கள். ஆஸ்பத்திரி நாலு வருடம். அறுபத்திரண்டு படி. நான் திருத்திய எல்லாமே சரியாக அச்சாகியிருக்கிறது.

அண்ணன்


அக்டோபர் 14

அன்புள்ள தங்கைக்கு,

கண்ணுக்கு மருந்து போடுகிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன். மருந்துக்கடைக்காரரிடம் நீ என்னைப் பற்றி இப்போது விசாரிப்பதில்லை என்று தெரியும்.

இப்போது அங்கே அட்டையைக் காட்டினால் கதவு திறக்கிறது. பழைய சாவிப்பலகையை வரவேற்பறைச் சுவரில் அலங்காரத்துக்கு மாட்டியிருக்கிறார்கள். சாவிகள் எல்லாம் அப்படியே தொங்குகின்றன. போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை போய், முப்பத்தொன்றின் சாவியில் ஒரு சிவப்பு நூலைக் கட்டிவிட்டு வந்தேன். அடுத்த செவ்வாய்க்கிழமை போனால் நூல் இல்லை. மறுபடியும் கட்டினேன். வரவேற்பில் இருக்கிற பெண் பார்த்துவிட்டாள்.

"பெரியவரே, இது என்ன?"

"பழுது இருக்குன்னு அர்த்தம்மா."

"எல்லாம் புதுசா மாத்தியாச்சே. ஜன்னல்கூட அலுமினியம்."

"ஜன்னல் இல்லம்மா" என்றேன்.

மேலாளர் ஒரு தடவை கூப்பிட்டு எச்சரித்தார். இது வேறு மேலாளர், எனக்குப் பேரன் வயது. காவலாளியை விட்டு வாசலில் தடுக்கப் பார்த்தார். நான் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். கிழவன் உட்கார்ந்திருப்பதை வருகிறவர் போகிறவர் எல்லாம் பார்க்க, கடைசியில் உள்ளே விட்டுவிட்டார்கள். நான் செவ்வாய்க்கிழமை கட்டுகிறேன். அவர்கள் புதன்கிழமை கழற்றுகிறார்கள். வேலை முடியாமல் நூலைக் கழற்றக் கூடாது என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

பதில் எழுதவேண்டாம்.

அண்ணன்


நவம்பர் 27

பொட்டலத்தை நாலு மாதம் பிரிக்கவில்லை. போன வாரம் பிரித்தேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். என் நூல்தான். முடிச்சு அக்காவுடையது, அவள் எதையும் இரட்டை முடிச்சாகத்தான் போடுவாள். நீங்கள் அதை அவிழ்க்கவில்லை, அறுத்திருக்கிறீர்கள்.

ஒரு முழம் கொடுத்தேன். திரும்பி வந்திருப்பது அரை முழம்.

மன்னித்தேன் என்று எழுத உட்கார்ந்தேன். ஐந்து தாள் கிழித்தேன். மன்னிக்கவில்லை என்று எழுதியதையும் கிழித்தேன். இரண்டும் என் கையெழுத்து மாதிரி இல்லை. அக்காவிடம் மன்னிப்புக் கேட்டு எழுத மட்டும் எனக்குத் தெரிந்தது, அதை அனுப்ப இடம் இல்லை.

பியானோக்காரர் எங்கேயாவது இருக்கிறாரா என்று தேடுங்கள். அது உங்கள் வேலை.

சிவப்பு நூல் கட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். அவள் கட்டியது சிவப்பு இல்லை. அந்த அரக்கு இப்போது கிடைக்கவில்லை, அதற்குப் பக்கத்து நிறத்தில் ஒரு கட்டை அனுப்பியிருக்கிறேன். வாரத்துக்கு ஒரு முழம் என்றால் நாலு வருடத்துக்கு வரும். தீர்ந்தால் எழுதுங்கள். வேறு எதற்கும் எழுதவேண்டாம்.

இரட்டை முடிச்சாகப் போடுங்கள்.